அரபுக் கரையிலிருந்து ஒரு விருந்தாளி

ஆடிக் காற்று ஓய்ந்ததும், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் பக்கம் ஒரு காலைப் பொழுது சென்று பாருங்கள். நீர் வற்றும் வேளையில் சேற்றுத் திட்டெங்கும் உள்ளான்கள் ஓடித் திரியும். சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு வந்தவை. அவற்றுள் கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 30 கிராம்தான்!

தூத்துக்குடி உப்பளங்களில் பூநாரைகளைப் பலர் கண்டிருப்பீர்கள். ஆனால் இக்கடலோரத்தின் அபூர்வ விருந்தாளி நண்டுதின்னி. வெண்ணிற உடல், கரிய முதுகு, தடித்த கரிய அலகு. மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் தனுஷ்கோடி மணற்பரப்பிலும் அரிதாகத் தென்படும். அதன் தாயகம் அரபுக் கடற்கரைகளும் அவற்றை அடுத்த கரைகளும். அப்பக்கமிருந்துதான் ஒரு காலத்தில் காயலுக்குக் குதிரைகள் கப்பலேறி வந்தன.

கரைப்பறவைகளுள் மணலில் நீண்ட வளை தோண்டி முட்டையிடுவது இது ஒன்றே. இடுவதும் பெரும்பாலும் ஒரே முட்டை. வெயிலில் காய்ந்த மணலின் சூடே அடைகாக்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடுகிறது. குஞ்சு வளைக்குள் காத்திருக்க, பெற்றோர் நண்டு கொணர்ந்து ஊட்டும். கடல் கடந்து வந்த பின்னரும் வளர்ந்த பிள்ளை இரை கேட்டுக் கெஞ்சும், பெற்றோரும் கொடுக்கும். (நம் வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!)

இத்தனை தொலைவு பறந்து வந்தவை வயிறாற மேய்வது நீர் வற்றும் அச்சில மணி நேரத்தில்தான். படம் பிடிக்க நெருங்கி விரட்டுவது அவற்றின் வயிற்றில் அடிப்பதாகும். சேற்றில் குப்பை கொட்டுவதும் அப்படியே. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் எட்ட நின்றே பாருங்கள். நீர் ஏறியதும் அவை தாமாகவே எழுந்து உப்பளப் பக்கம் போய்விடும்.