தானே தாளமிடும் பெட்டி

அரேஞ்சர் கீபோர்டு என்னும் வாத்தியத்தின் பேரைச் சொன்ன மாத்திரத்தில் சங்கீத வித்துவான்கள் பலர் முகஞ்சுளிக்கின்றனர். இடக்கையால் மூன்று கட்டைகளை அழுத்தினால் போதும். தாளம், கீழ்ச்சுரம், கிதார் முதலிய பக்கவாத்தியங்களைப் பெட்டியே கூட்டிக்கொள்கிறது. வாசிப்பவனுக்கு இதில் வித்தை ஏது என்பது அவர்கள் கேள்வி.

இத்தகைய நிந்தனை நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆர்மோனியத்தின் சுருதி நம் இசைக்கு ஒவ்வாது, கமகத்திற்கு அது இடங்கொடாது என்று சொல்லி, அகில இந்திய ரேடியோ 1940-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அதனை விலக்கிற்று. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. நாடக மேடையோ அதனை ஒருநாளும் கைவிடவில்லை. 1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவிற்கு அவர் தமையனார் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தார் என்பதை நினைவுகூர்தல் நலம். வித்துவான்கள் கூறிய குறை மெய்யே. எனினும் பாடுவோனின் மூச்சறிந்து துருத்தியை அசைத்தது மனிதக் கை.

இப்புதிய பெட்டியின்மீது நாம் கூறும் குறை கமகத்தைப் பற்றியதன்று. சுரத்தை வளைக்கும் சக்கரம் இதில் பெரும்பாலும் உண்டு. பெட்டி எவருக்காகவும் காத்திராது என்பதே நம் குறை.

தாயில்பட்டி போன்ற ஊர்களின் சபைகளை எண்ணிப் பார்ப்போம். வாரமெல்லாம் பட்டாசு ஆலையில் மருந்தோடு மல்லாடிய வாலிபன் ஞாயிறன்று வாசிக்க அமர்கிறான். நான்கு பக்கவாத்தியக்காரருக்குப் பணங்கொடுக்கச் சபைக்கு வகையில்லை. அவனுக்கு இப்பெட்டி பேருதவி. பட்டணத்து வித்துவான் அதை இகழ்வது நியாயமாகாது. ஆனால் மிசிர சாப்பில் அமைந்த கீர்த்தனை வரும்போது என்ன நேர்கிறது? பெட்டியில் அமைந்துவரும் தாளங்களிற் பெரும்பாலானவை நான்கிலும் மூன்றிலும் அடங்குவன. ஏழு அட்சரத்தை எட்டாக நீட்டிப் பாட்டை அதற்குள் திணிக்கிறார்கள். சிறுபிள்ளைகள் அதையே மூலமெட்டென்று கற்கின்றனர். பக்கத்தில் தபேலாக்காரர் இருந்தாலோ, அவரும் பெட்டியின் பின்னே ஓட வேண்டியவராகிறார். முதிர்ந்த தாய்மார் ஓரடியை நீட்டிப் பாடினால் அவர் நிற்பார், பெட்டி நில்லாது.

தபேலாக்காரர் உள்ள நாளில் தாளப் பொத்தானை அணைத்துவிடலாம். அவர் இல்லாத நாளுக்கும் வழியுண்டு. வேண்டிய தாளத்தை நாமே அமைத்துப் பதிந்துகொள்ளும் வசதி நடுத்தர விலைப் பெட்டிகள் பலவற்றில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவரில் தாளஞானமுள்ளவர் ஒருவர், தம் சபையின் பெட்டியில் அவ்வேழு அட்சரத்தைப் பதிந்துகொடுக்க ஓரிரு மாலைகள் போதும்.