கூலிச் சீட்டும் பீஜ கணிதமும்

பீஜ கணிதம் பரீட்சைக்கு மட்டுமே உதவும் என்று எண்ணும் பெற்றோர் நம்மில் பலர். உழைத்த கூலியைச் சரிபார்க்கவும் அது உதவும் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

ஸ்ரீராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று மோட்டார் வண்டிகளும் கைபேசிகளும் செய்யும் ஆலைகள் நிறைந்திருக்கின்றன. அப்பக்கத்து ஆலையொன்றில் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் மாதம் 26 நாளும், ஓவர்டைமாக 10 மணி நேரமும் உழைத்தாள், ரூ. 13,080 கிடைத்தது. மறு மாதம் 24 நாளும், ஓவர்டைம் 20 மணி நேரமும், ரூ. 12,720 கிடைத்தது. பிடித்தம் இல்லை; விகிதமும் மாறவில்லை. சீட்டிலோ மொத்தத் தொகைதான் கண்டிருக்கிறது. நாட்கூலி எவ்வளவு? ஓவர்டைமுக்கு மணிக்கு எவ்வளவு?

ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண இயலாது. நாட்கூலி 500, ஓவர்டைம் மணிக்கு 8 என்றாலும் முதல் மாதக் கணக்குச் சரிதான். 450, 138 என்றாலும் சரிதான்! அறியாதவை இரண்டாயின் செய்தியும் இரண்டு வேண்டும். அவற்றுள் ஒன்று மற்றதன் மடங்காகவும் இருத்தலாகாது.

நாட்கூலியை 'அ' என்றும், ஓவர்டைம் மணிக்கூலியை 'ஆ' என்றும் கொள்வோம்.

26அ + 10ஆ = 13,080
24அ + 20ஆ = 12,720

முதல் வரியை இரட்டித்தால் 52அ + 20ஆ = 26,160. இதிலிருந்து இரண்டாம் வரியைக் கழிக்க 'ஆ' மறைந்துவிடுகிறது; 28அ = 13,440. ஆகவே அ = 480. இதை முதல் வரியில் இட்டால் ஆ = 60.

இனித்தான் விசேஷம். 480-ஐ எட்டால் வகுத்தால் சாதாரண மணிக்கூலியே 60 ரூபாய் அல்லவா? ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அந்த நியதி இன்றும் மாறவில்லை. 120 வரவேண்டிய இடத்தில் 60தான் வந்திருக்கிறது. இரு மாதங்களின் 30 மணி நேரத்துக்கு ரூ. 1,800 குறைவு! வெறுங் கோபத்துடன் கேட்பதைவிட இந்த எண்ணைக் காட்டிக் கேட்பது வலிது.

இந்த வித்தை மேல்நாட்டார் நமக்கு அளித்ததென்று எண்ண வேண்டாம். ஏறக்குறைய 850-ஆம் ஆண்டிலேயே மகாவீராசாரியர் தமது 'கணித ஸார ஸங்கிரஹ'த்தில் இத்தகைய கணக்குகளை வைத்தார். அந்நூலை ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-ல் சென்னையில் பதிப்பித்தார். அதிலுள்ள கணக்கொன்றைக் குழந்தைகளுடன் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்: 9 நாரத்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107, 7 நாரத்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன? இரு வரிகளையும் ஒரு முறை கூட்டுங்கள். ஒரு முறை கழியுங்கள். வழி தானே புலப்படும். விடை அடுத்த வாரம்.