நட்சத்திரக் குறியை விரிப்பவர் யார்?

உடப்புசல்லாவைத் தோட்டங்களின் காலைப் பிரட்டை நாம் அறிவோம். 'எல்லாரும் கொழுந்துக்கு' என்று ஆணை பிறந்தாலும், செக்ரோலில் ஆள் பெயர் பெயராகவே குறிக்கப்படும்.

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளிலும் இத்தகைய கணக்கப்பிள்ளை ஒருவர் உண்டு; அவர் பெயர் ஷெல். '.டி.எக்ஸ்.டி.' என முடியும் கோப்புகளை அழிக்க, 'ஆர்.எம்.' என்னும் கட்டளையை அடுத்து நட்சத்திரக் குறியையும் அம்முடிவையும் ஒட்டி எழுதுகிறோம். ஷெல் முதலில் அக்குறியை விரித்துப் பொருந்தும் பெயர்களைத் திரட்டுகிறது. பின்னரே அழிக்கும் நிரலை இயக்குகிறது. நிரல் காண்பது பெயர்களை, குறியை அன்று. 1971ஆம் ஆண்டின் யூனிக்ஸில் இப்பணிக்குக் 'குளோப்' என்ற தனி நிரல் இருந்தது. பின்னர் அது ஷெல்லின் கடமையாயிற்று.

குறிக்கும் முடிவுக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தால் என்னாகும்? குறி தனித்து நிற்கும். புள்ளியில் தொடங்குவன நீங்கலாக, அவ்விடத்துக் கோப்புகள் யாவும் பட்டியலில் ஏறும். ஆண்டெல்லாம் எழுதிய பாடக்குறிப்புகள் நொடியில் மறையும். நிரல் ஐயுறாது; அதன் கைக்கு வந்தவை வெறும் பெயர்களே.

ஆதலின், மாணவர்களே, 'ஆர்.எம்.' இருக்குமிடத்தில் முதலில் 'எக்கோ' என்று எழுதுங்கள். அது எதையும் அழியாது. ஷெல் விரித்த பெயர்களை அப்படியே காட்டும். அவற்றைப் படித்த பின் அழியுங்கள்.