சீட்டைக் கிழித்தால் போதுமா?

'சி' என்றாலே நமக்குப் பயம். அதிலும் பாயின்டர் என்றால் பாதிப் பேர் லேப் பக்கமே வர மாட்டோம். அந்தப் பாதியில் நானும் ஒருவன்.

சென்ற பிராக்டிகலில் எனக்கு வந்த கேள்வி இது: ஐந்து பெயர்களை வாங்கி அச்சிட வேண்டும்; பிறகு அவற்றை அழித்துவிட்டு, அதே அரேயில் வேறு ஐந்து பெயர்களை வாங்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் 'மால்லாக்' மூலம் இடம் வாங்கினேன். அழிக்கும்போது ஐந்து பாயின்டருக்கும் 'நல்' போட்டேன். அவுட்புட் சரி. ஆனால் வைவாவில் சார், "பழைய பெயரெல்லாம் எங்கப்பா போச்சு?" என்றதும் திருதிருவென்று முழித்தேன்.

இரவு அப்பாவிடம் புலம்பினேன். அவர் ஆம்பூரில் ஒரு தோல் குடோனில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அவருக்கு 'சி' தெரியாது. "மெமரி ஒரு குடோன், பாயின்டர், கட்டு எந்த அடுக்கில் இருக்குன்னு சொல்ற சீட்டு" என்றேன். சிரித்துவிட்டார். "சீட்டைக் கிழிச்சிட்டா கட்டு போயிடுமாடா? அடுக்குல அப்படியேதான் கிடக்கும். மொதல்ல கட்டை இறக்கு, அப்புறம் சீட்டைக் கிழி!"

அதுதான் விஷயம்! முதலில் 'ஃப்ரீ', பிறகு 'நல்'. வெறும் 'நல்' போட்டால் முகவரி தொலைந்து இடம் வீணாகும். வெறும் 'ஃப்ரீ' செய்தாலோ பழைய சீட்டு கையிலேயே இருக்கும். அந்த அடுக்கில் வேறு சரக்கு வந்த பின்னும் போய்க் கை வைப்போம். ஒரு எச்சரிக்கை: மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதிய பெயர்களை 'ஃப்ரீ' செய்யக் கூடாது, அவை மால்லாக் தந்த இடமல்ல.

"புரோகிராம் முடிஞ்சா மெமரி தானா திரும்பிடுமே" என்பீர்கள். லேபில் சரி. நாள் முழுக்க ஓடும் பில்லிங் புரோகிராமில்? கொஞ்சம் கொஞ்சமாக மெமரி அடைத்துக்கொண்டு ஒருநாள் நின்றுபோகும். ஜாவாவும் பைத்தானும் தாமே சுத்தம் செய்துகொள்ளும். 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய 'சி' அந்தப் பொறுப்பை நம் கையிலேயே விட்டிருக்கிறது.

பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்றது. இடம் வாங்கியவரே அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே நியாயம்தான்.

ஆகவே, லேபில் அவுட்புட்டுக்கு மட்டுமல்ல, 'ஃப்ரீ'க்கும் மார்க் வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை நாமாவது எழுந்து போகும் முன் அடுக்கைக் காலி செய்துவிட்டுப் போவோமே!