ஜெயித்த அணி மேலே போகட்டும்

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வீழ்த்தி ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை வென்றது சென்னை சிட்டி எஃப்.சி. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திய வெற்றி அது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீகில் சாம்பியன் ஆனதும் அதுவே முதல் முறை. அடுத்த மாதம் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பைக் காலிறுதியில், அந்தப் பருவத்தின் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியனான பெங்களூரு எஃப்.சி.யையும் 2-1 என்று தோற்கடித்தது. இதற்கு மேல் ஓர் அணி மைதானத்தில் என்ன நிரூபிக்க முடியும்? ஆனாலும் சென்னை சிட்டிக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் கிடைக்கவில்லை. ஐ-லீகை வென்றால் மேலே போகலாம் என்ற விதியே அப்போது இல்லை. மைக்கேல் சூசைராஜ், நந்தகுமார் சேகர், ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் வான்ஸ்பால் என்று அந்த அணியில் ஆடிய தமிழ்நாட்டு வீரர்கள் ஒவ்வொருவராக ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். அவர்களுக்குத் திறந்த கதவு அவர்களை வளர்த்த அணிக்குத் திறக்கவில்லை. 2020-21 பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீகிலும் இல்லை. கொரோனாவும் பணத் தட்டுப்பாடும் நிர்வாகக் குறைகளும் அதற்குக் காரணங்கள்தான். ஆனால் பட்டம் வென்ற பிறகும் அடுத்த படி இல்லாத ஓர் அணியில் பணம் போட யார் முன்வருவார்கள்?

ஒரு நாட்டின் கால்பந்து நலமாக இருக்கிறதா என்பதை உச்சியில் ஆடும் பத்துப் பதினைந்து அணிகளை வைத்து அளக்க முடியாது. அடிமட்டத்தில் ஆடும் ஒரு சின்ன அணி, தன் கால்களால் மட்டுமே ஒவ்வொரு படியாக மேலே வர முடிகிறதா என்பதுதான் சரியான அளவுகோல். இதைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் நாடு அது. நம் சென்னைப் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகையை விடக் குறைவு. அங்கே நான்கு பிரிவுகளில் 42 தொழில்முறை அணிகள் உள்ளன. நெடுங்காலம் இந்தப் பட்டியலும் பூட்டிய வீடாகத்தான் இருந்தது. கடைசி இடத்துக்கு வந்தாலும் வெளியேற வேண்டியதில்லை. 2014-15 பருவத்தில்தான் பூட்டு உடைந்தது. வடக்கே ஹைலேண்ட் லீக், தெற்கே லோலேண்ட் லீக் என்ற இரண்டு வட்டார லீகுகளின் சாம்பியன்கள் முதலில் ஒன்றோடொன்று மோத வேண்டும். அதில் வெல்கிற அணி, நான்காம் பிரிவில் கடைசி இடம் பிடித்த அணியோடு, தன் ஊரில் ஓர் ஆட்டம், எதிரணியின் ஊரில் ஓர் ஆட்டம் என்று பிளே-ஆஃப் ஆட வேண்டும். வென்றால் உள்ளே, தோற்றால் அடுத்த ஆண்டு மீண்டும் முதலிலிருந்து.

இந்தக் குறுகிய வாசல் வழியாகவே 2016-ல் எடின்பரோ சிட்டி நுழைந்தது. 2019-ல் கோவ் ரேஞ்சர்ஸ் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 7-0 என்று பெரிக் ரேஞ்சர்ஸை வெளியேற்றியது. 2021-ல் ஃபைஃப் பகுதியின் பழைய சுரங்க ஊரான கெல்ட்டியின் அணி, நூறாண்டு கடந்த பிரீக்கின் சிட்டியை வீழ்த்தி உள்ளே வந்தது. மறு ஆண்டே நான்காம் பிரிவின் சாம்பியனாகி மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. வெளியேறிய பிரீக்கின் அழிந்துவிடவில்லை. 2023-ல் ஹைலேண்ட் லீகை வென்று மறுபடியும் பிளே-ஆஃப் வரை வந்து நின்றது. பானிரிக் ரோஸ் அணியின் கதை இன்னும் கூர்மையானது. 2022-ல் மேலே வந்த அந்த அணியின் மைதானம் ஒரு பக்கம் சரிவானது. சரிவைச் சீராக்கவில்லை என்பதற்காக 2024-25 பருவத்தில் 6 புள்ளிகள் பறிக்கப்பட்டன. அந்தப் பருவத்தின் முடிவில் ஈஸ்ட் கில்பிரைட் அணியிடம் பிளே-ஆஃபில் தோற்றுக் கீழே போனது. சின்ன அணி என்பதற்காக அங்கே யாரும் சலுகை காட்டவில்லை; சின்ன அணி என்பதற்காக வாசலை அடைக்கவும் இல்லை.

2025 நவம்பர் 18 அன்று கிளாஸ்கோவில் டென்மார்க்கை 4-2 என்று வென்ற ஸ்காட்லாந்து, 1998-க்குப் பிறகு முதல் முறையாக ஆண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதே நாளில் டாக்காவில் இந்தியா வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. ஒரு நாள் முடிவுகளை வைத்து இரண்டு நாடுகளின் அமைப்புகளுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது; ஸ்காட்லாந்தின் வெற்றிக்குப் பிளே-ஆஃப் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் மக்கள்தொகைக்கு ஒப்பிட்டால் ஐரோப்பாவில் மிக அதிகமானோர் மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்க்கும் நாடுகளில் ஸ்காட்லாந்தும் ஒன்று என்பது தற்செயல் அல்ல. கடைசி இடத்துக்கான ஆட்டத்திலும் ஓர் ஊரின் மானம் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த ஊர் மைதானத்துக்கு வரத்தான் செய்யும்.

இப்போது நம் சென்னையின் மேற்கு விளிம்புக்கு வருவோம். பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பத்திலும், ஆவடி, அம்பத்தூரிலும் மாலை வேலை முடிந்து வரும் இளைஞர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, மணிக்கணக்கு வாடகையில் டர்ஃப் எடுத்து ஆடுகிறார்கள். உள்ளூர்க் கடையின் பெயர் பொறித்த ஜெர்சி, ஞாயிற்றுக்கிழமை அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ், ஜெயித்தால் ஒரு கோப்பையும் ரொக்கப் பரிசும். அடுத்த ஞாயிறு வேறொரு கோப்பை. எத்தனை கோப்பைகள் சேர்ந்தாலும் அவை ஓர் அணியை அடுத்த நிலைக்குக் கொண்டு போவதில்லை. முன்பு திறமைசாலி ஒருவனுக்கு வேறொரு வழி இருந்தது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத் துறை அணிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து ஆட வைத்தன. இந்தியன் வங்கி அணி அன்றைய தேசிய கால்பந்து லீக் வரை போனது. அந்த வேலைகள் சுருங்கிவிட்ட காலத்தில், ஊர் அணி என்ற அமைப்புதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஏறிப் போக வழி இருந்தால்தான் ஊர் அணி நிலைக்கும்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் பணம் பற்றியது. கோடிக்கணக்கில் முதலீடு செய்த ஐ.எஸ்.எல். உரிமையாளரை, ஒரு மோசமான பருவத்துக்காகக் கீழே இறக்கினால் அவர் ஆட்டத்தையே விட்டுப் போய்விடுவார் என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கீழிறக்கமே இல்லாத ஆண்டுகளில் என்ன நடந்தது? புனே சிட்டி 2019-ல் கலைந்தது. 2022-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற ஹைதராபாத் அணி, சம்பளப் பாக்கியில் மூழ்கி, கடைசியில் 2025-ல் டெல்லிக்கு இடம் மாறியது. ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் முடிவதை ஒட்டி 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். தொடரே நிறுத்தி வைக்கப்பட்டு, சென்னையின் எஃப்.சி. உட்படப் பல அணிகள் தவித்தன. மூடிய கதவு யாரையும் காப்பாற்றவில்லை என்பதே இந்த அனுபவம் சொல்லும் பாடம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. சின்ன அணிகளுக்கு மேலே தாக்குப்பிடிக்கும் சக்தி இருக்கிறதா? ஸ்காட்லாந்திலேயே கிரெட்னா என்ற சிற்றூர் அணி, ஒரு தனி மனிதரின் பணத்தில் மளமளவென்று ஏறி 2007-ல் முதல் பிரிவுக்கு வந்து, 2008-ல் அந்தப் பணம் நின்றதும் மண்ணோடு மண்ணானது. இங்கேயும் 2024-ல் ஐ-லீகை வென்று மேலே வந்த முகமதன் ஸ்போர்ட்டிங், முதல் பருவத்திலேயே கடைசி இடம் பிடித்தது. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2023-ல், முதல் அணியாக அதே வழியில் ஏறிய பஞ்சாப் எஃப்.சி. நிலைத்து ஆடுகிறது. 2016-ல் ஐ-லீகிலிருந்து கீழிறங்க வேண்டிய நிலையில் மறுவாய்ப்புப் பெற்ற ஐசால் எஃப்.சி., மறு பருவமே சாம்பியன் ஆனது. சுமார் 11 லட்சம் மக்கள் கொண்ட மிசோரம் அதைத் தாங்கியது. தாக்குப்பிடிக்காத அணியைத் தடுக்க மைதானம், கணக்கு, சம்பள உறுதி ஆகியவற்றைச் சோதிக்கும் உரிம விதிகள் போதும். பானிரிக் ரோஸுக்கு நடந்ததைப் போல அவற்றை எல்லோருக்கும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். வாசலை மூடுவது அதற்கு மாற்றாகாது.

2024-25 பருவத்திலிருந்து முழுமையான ஏற்றமும் இறக்கமும் இருக்கும் என்று 2019-ல் ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பின் முன்னிலையில் வகுக்கப்பட்ட திட்டம் சொன்னது. ஏற்றம் வந்தது, அந்தப் பருவம் முடிந்தபோது இறக்கம் வரவில்லை. அந்தப் பருவத்தின் ஐ-லீக் சாம்பியன் இன்டர் காஷி என்பதும் மைதானத்தில் முடிவாகாமல், 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றத்தில்தான் முடிவானது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் செய்ய வேண்டியது கடினமானதல்ல: ஐ.எஸ்.எல்.லின் கடைசி அணியும் ஐ-லீகின் இரண்டாம் அணியும் இரண்டு ஆட்டப் பிளே-ஆஃபில் மோதட்டும்; இறங்கும் அணிக்கு ஓரிரு ஆண்டுகள் நிதி உதவி கிடைக்கட்டும். தமிழ்நாடு கால்பந்து சங்கம் அதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு மாவட்ட லீகின் சாம்பியனும் பிளே-ஆஃப் ஆடி மாநில அளவிலான லீகுக்குள் நுழைய நிலையான ஒரு வழியை வகுத்து, தேதியோடும் விதியோடும் பருவம் தொடங்கும் முன்பே அறிவிக்கலாம். சென்னீர்குப்பத்தில் ஓர் அணி உருவானால், அது எத்தனை ஆட்டங்கள் வென்றால் எங்கே போய்ச் சேரும் என்பதை அந்த அணியின் பையன்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதை எழுதிக் கொடுப்பது சங்கத்தின் கடமை.