தேயிலை நாட்டில் ஒரு நல்ல பிளேன்டீக்கு வழியில்லை

நாவுலச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவன் என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறான்? வாசமாய் ஒரு பிளேன்டீ. அதுகூடக் கிடைப்பதில்லை.

தேத்தண்ணிக் கடைக்குள் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். விடியப்புறம் துணி வடியில் போட்ட தூள் மத்தியானம் வரை மாறாது. ஆள் வரவர அதன் மேலேயே சுடுதண்ணீர். சாயம் வெளுத்தால் மேலாக இன்னொரு கரண்டி தூள். அடியில் கிடப்பது வெந்து கசந்த சக்கை. அந்தக் கசப்பை மறைக்கக் கேட்காமலே அள்ளிக் கொட்டுகிறார்கள் சீனியை. வேண்டாம் என்றால், "ஏன் ஐயா, சீனி வருத்தமா?" என்கிறார்கள். கறுப்பாக இருந்தால் போதும், 'ஸ்ட்ரோங்' என்று நாமும் குடித்துவிட்டுப் போகிறோம்.

தூளை நான் குறை சொல்லவில்லை. டஸ்ட் என்பதும் ஒரு தரந்தான். நல்ல டஸ்ட் சட்டென்று சாயம் இறங்கும், மணமும் தரும். கெடுப்பது நம் கை. தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கிறவர்கள் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் என்று அளந்து, 6 நிமிடம் ஊறவிட்டு வடிக்கிறார்கள். கடையில் அவ்வளவு நேரம் யாரும் நிற்க மாட்டார்கள், தெரியும். ஆனால் சக்கையை மாற்ற எவ்வளவு நேரம் போகும்?

தேயிலையை மதிக்கிற ஊர் எப்படி என்று பாருங்கள். சீனாவில் வூயி மலையில் தோங்மு என்றொரு கிராமம். கறுப்புத் தேயிலை முதலில் பிறந்ததே அங்கேதான் என்பார்கள். பைன் விறகுப் புகையில் கொழுந்தை வாட்டி உலர்த்துவதால் அந்த ஊரின் லப்சாங் சூச்சோங் தேயிலைக்கு ஒரு புகைவாசம். இன்றைக்கும் அந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். சீனாவின் தேயிலை பதப்படுத்தும் மரபுகளை யுனெஸ்கோ 2022இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நம்மிடம் மட்டும் சொல்ல ஒன்றும் இல்லையா? 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதுவரை மலையில் இருந்த கோப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் மலையெல்லாம் தேயிலையானது. ஊவாவில் கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களில் பறிக்கும் கொழுந்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு குளிர்ந்த மணம் உண்டு. நம் மாத்தளைப் பக்கத்து எல்கடுவ, இரத்தோட்டைத் தேயிலைக்குச் செம்புநிறச் சாயமும் திடமும் உண்டு. ஆனால் நாட்டில் விளைவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறிவிடுகிறது. மிஞ்சியது எந்தத் தோட்டத்துத் தூள் என்று கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் கேட்கத் தோன்றாது.

எனக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று. இந்தக் கடைகள் நிற்கிற ஏ-9 வீதி சும்மா ஒரு வீதியா? தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் சனங்கள் காடு கடந்து, தம்புள்ள, நாவுல, நாலந்த என்று மாத்தளைக்கு நடந்தே போன தடம் இது. கொலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வருகையின் 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அந்தச் சனங்களின் பிள்ளைகள் இன்றும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறிக்கிற கொழுந்து அது. அதை இப்படிச் சக்கையாக்கிச் சீனியில் மூழ்கடிப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

கடைக்கார அண்ணன்மாரே, இரண்டு மூன்று தரம் ஊற்றியதும் அந்தச் சக்கையைக் கொட்டிவிடுங்கள். சீனியைக் கேட்டுப் போடுங்கள். நல்ல சாயத்துக்குப் பத்து ரூபா கூடக் கேட்டாலும் நான் தருவேன். இந்த வழியாக யாழ்ப்பாணமோ கண்டியோ போகிறவர்களே, நாவுலயில் இறங்கித் தேத்தண்ணி கேட்கும்போது, "புதுத் தூள் போட்டு ஊத்துங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.