கடனட்டையில் லாபமா?

ஆசிரியருக்கு,

கடனட்டையில் பொருள் வாங்கிவிட்டு, அட்டைக்கடனுக்கு வட்டியில்லாத ஐம்பது நாளும் கைக்காசை வங்கியில் வைத்து வட்டி எடுக்கலாம் என்று இங்குள்ள இளம் உத்தியோகத்தர் சிலர் கணக்குப் போடுகின்றனர். ஒரு லட்சம் ரூபாவுக்கு, ஆண்டுக்கு 8 வீதமென்று தாராளமாக வைத்தாலும் ஏறக்குறைய 1,100 ரூபா. அட்டைச் செலவுக்கு வங்கி திருப்பித்தரும் மீளளிப்பு (கேஷ்பேக்) ஒரு வீதமென்றால் இன்னும் ஆயிரம். ஆனால் யாழ். நகரில் பல கடைகளில் 'அட்டையெண்டால் 3 வீதம் கூட' என்கிறார்களே! மூவாயிரம் அங்கேயே போய்விடும். இப்படி அறவிடக்கூடாதென மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. பற்றுச்சீட்டுடன் அட்டை தந்த வங்கியிடம் முறையிடலாம். ஆர் முறையிடுகினம்? நிலுவையை முழுதாய்க் கட்டாதவர் கதை வேறு; அவர்கள் வட்டியும் கட்டவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் கடனட்டை வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. மேலதிகக் கட்டணம் அறவிடும் கடைகளின் அட்டை இயந்திரத்தை வங்கிகள் மீளப்பெற வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.